“ஒண்ணுமே வரல, சார்!” – புதிதாக லினக்ஸ் பழகுவோருக்கு உதவுவது எப்படி?

“சார், லினக்ஸ் போட்டேன். ஒண்ணுமே வரல, சார்!”

சனிக்கிழமைப் பிற்பகல்களில், திருவொற்றியூர் தேரடிக்குச் சற்றுத் தள்ளி, நண்பர் ஒருவரின் வீட்டு மாடியில் இந்த வாக்கியத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். நான் கல்லூரியில் இயற்பியல் கற்பிப்பவன். கணிப்பொறி என் பாடம் அன்று. ஆனால் ஆய்வுக்கூடக் கணக்குகளுக்காகப் பல ஆண்டுகளாக லினக்ஸ் என்னும் இயக்குதளத்தைப் பயன்படுத்தி வருகிறேன். அதனால் ராயபுரம், தண்டையார்பேட்டை, எண்ணூர்ப் பக்கங்களிலிருந்து மாணவர்கள் சிலர் தங்கள் கணிப்பொறிகளைத் தூக்கிக்கொண்டு அந்த மாடிக்கு வருகிறார்கள்.

மாணவ நண்பர்களே! “ஒன்றுமே வரவில்லை” என்ற இரண்டு சொற்களை மட்டும் வைத்துக்கொண்டு நீங்கள் அவருக்கு உதவ முடியுமா? சற்று யோசித்துப் பாருங்கள். மின்சாரமே வரவில்லை என்று அதற்குப் பொருள் இருக்கலாம். மின்சாரம் வந்து, திரை கறுப்பாகவே நிற்கிறது என்றும் இருக்கலாம். திரை வந்து, வைஃபை வராமல் இருக்கலாம். வைஃபை வந்து, ஒலி வராமல் இருக்கலாம். ஒரு மாணவருக்கு எல்லாமே வந்திருந்தன. கடவுச்சொல்லை அடிக்கும்போது மட்டும் திரையில் எழுத்து எதுவும் தோன்றவில்லை. கீபோர்டு பழுது என்று எண்ணிப் புதிதாக ஒன்று வாங்கியும் வந்துவிட்டார்! உண்மையில் அது பழுதே அன்று. லினக்ஸ் தொகுப்புகள் பலவற்றின் கட்டளைத் திரையில் கடவுச்சொல்லை அடித்தால் புள்ளிகூடத் தெரியாது. பின்னால் நிற்பவர் அதில் எத்தனை எழுத்துகள் உள்ளன என்று எண்ணிவிடக் கூடாதென்று யூனிக்ஸ் காலத்திலிருந்தே செய்யப்பட்ட ஏற்பாடு அது. “பார்க்காமலே அடித்து என்டர் தட்டுங்கள்” என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் கீபோர்டின் விலை மிஞ்சியிருக்கும்.

அந்த ‘யாராவது’ என்பவரைப் பற்றியதுதான் இக்கட்டுரை. உங்கள் வகுப்பில், உங்கள் தெருவில், நாளை நீங்களே அந்த ஆளாக இருக்க வேண்டி வரலாம்.

இயக்குதளம் செய்யும் வேலை

முதலில், இயக்குதளம் என்பது என்ன? சென்னைத் துறைமுகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரே நேரத்தில் பல கப்பல்கள் வந்து நிற்கின்றன. எந்தக் கப்பல் எந்த இடத்தில் அணைவது, எந்தப் பளுதூக்கி எதற்கு, எது முதலில், எது காத்திருப்பது என்று ஒழுங்கு செய்ய ஓர் அலுவலகம் இல்லாவிட்டால் கப்பல்கள் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். கணிப்பொறியிலும் அப்படித்தான். படம் வரையும் நிரல், பாட்டுப் பாடும் நிரல், கணக்குப் போடும் நிரல் எல்லாம் ஒரே நினைவகத்தையும் ஒரே வன்தட்டையும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பங்கீட்டைச் செய்யும் அலுவலகம்தான் இயக்குதளம். அதன் மையப் பகுதிக்குக் கருவகம் என்று பெயர்.

லினக்ஸ் என்பது அத்தகைய ஒரு கருவகம். பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பவர் 1991-இல் இதைத் தொடங்கினார். 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டத்தின் கருவிகளும் இதனோடு சேர்ந்தபோது முழுமையான இயக்குதளம் கிடைத்தது. இதன் மூலநிரல் எவருக்கும் திறந்தே கிடக்கிறது. படிக்கலாம், திருத்தலாம், நகல் எடுத்துப் பிறருக்குத் தரலாம். இவற்றையெல்லாம் தொகுத்து, எளிதாக நிறுவும்படி வெளியிடுவோர் பலர். டெபியன், உபுண்டு, மின்ட் என்பவை அப்படிப்பட்ட தொகுப்புகளே. சி-டாக் நிறுவனத்தின் சென்னைப் பிரிவு டெபியனை அடிப்படையாகக் கொண்டு ‘பாஸ்’ என்னும் இந்தியத் தொகுப்பை 2007-இல் வெளியிட்டது.

அண்மையில் என் மாடிக்கு வருவோர் தொகை கூடியதற்கு வேறொரு காரணம் உண்டு. விண்டோஸ் 10 இயக்குதளத்துக்குத் தந்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அடுத்து வந்த விண்டோஸ் 11, பல பழைய கணிப்பொறிகளை ஏற்பதில்லை. அலுவலகங்கள் அவற்றைக் கழித்துவிடுகின்றன. நல்ல நிலையில் உள்ள பெட்டிகள் குறைந்த விலைக்கு வருகின்றன. அவற்றுக்கு லினக்ஸ் போட்டால் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கும். தந்தை துறைமுகத்தில் சுமை இறக்கும் வீட்டிலும் ஒரு கணிப்பொறி நிற்க முடிகிறது என்றால் அதற்கு இதுவே வழி.

இரண்டு வாசல் இருந்தும்

ஆனால் மென்பொருள் இலவசமாகக் கிடைத்துவிட்டால் போதுமா? தமிழ்நாட்டிலேயே இதற்கு ஒரு பெரிய பாடம் இருக்கிறது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள், அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி தரும் திட்டம் தொடங்கியது. அந்தக் கணினிகளில் இரண்டு இயக்குதளங்கள் இருந்தன. திறந்தவுடன் விண்டோஸா, பாஸ் லினக்ஸா என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். ஒரே வீட்டுக்கு இரண்டு வாசல்!

பிற்பாடு கல்லூரியில் என்னிடம் சேர்ந்த அந்த மாணவர்களிடம் நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது வாசலை ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டதாகவே பெரும்பாலோர் சொன்னார்கள். “அதுல எதாவது ஆச்சுன்னா யாரைக் கேக்கறது சார்?” என்றாள் ஒரு மாணவி. இந்தக் கேள்வியில் எல்லாம் அடங்கிவிடுகிறது. விண்டோஸில் சிக்கல் வந்தால் அண்ணனைக் கேட்கலாம், எதிர்வீட்டு மாமாவைக் கேட்கலாம், செல்போன் கடைக்காரரைக் கேட்கலாம். லினக்ஸுக்கு அந்தத் தெருவில் எவரும் இல்லை. 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புக் கணினிப் பாடநூலில் உபுண்டுவும் இடம்பெற்றது. அது நல்ல மாற்றம்தான். இருந்தாலும் புத்தகத்துக்கு வாய் கிடையாது, “எனக்கு மட்டும் ஏன் இப்படி வருகிறது?” என்றால் அது பதில் சொல்லாது.

கடிகாரம் சொன்ன சாட்சி

எனவே உதவுகிறவர் வேண்டும். அவர் எப்படி உதவ வேண்டும்? ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன்.

எண்ணூரிலிருந்து ஒரு மாணவி வந்தாள். ஒரே கணிப்பொறியில் விண்டோஸும் லினக்ஸும் வைத்திருக்கிறாள். லினக்ஸில் வேலை செய்துவிட்டு விண்டோஸுக்குப் போனால் கடிகாரம் தப்பாகக் காட்டுகிறது என்பது அவள் முறையீடு. “மதர்போர்டில் உள்ள சின்ன பாட்டரி தீர்ந்திருக்கும், மாற்று” என்று யாரோ சொல்லியிருக்கிறார். மாற்றியும் விட்டாள். பயன் இல்லை. “லினக்ஸை எடுத்துவிடு” என்று இன்னொருவர் சொல்லியிருக்கிறார்.

நான் ஒன்றே ஒன்று கேட்டேன்: “எவ்வளவு தப்பாகக் காட்டுகிறது?”

அவள் நோட்டைத் திறந்தாள். ஐந்து நாள் குறித்து வைத்திருந்தாள். மாலை 4 மணிக்கு விண்டோஸ் காட்டியது காலை 10.30. இரவு 9 மணிக்குக் காட்டியது பிற்பகல் 3.30. ஒவ்வொரு தடவையும் சரியாக ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தது!

நண்பர்களே, பாட்டரி தீர்ந்துபோன கடிகாரம் இப்படிக் கணக்காகப் பிழை செய்யுமா? அது நாளுக்கு ஒரு விதமாகப் பின்தங்கும், அல்லது ஏதோ ஒரு பழைய தேதிக்கே போய்விடும். ஐந்தரை மணி என்றதும் உங்களுக்கு வேறு ஏதாவது நினைவுக்கு வருகிறதா? நம் நாட்டின் திட்ட நேரம் 82½ பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டியது. பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. 82½-ஐ 15-ஆல் வகுத்தால் 5½. அதாவது கிரீன்விச் நேரத்துக்கு நாம் ஐந்தரை மணி முந்தியவர்கள்.

முடிச்சு அவிழ்ந்துவிட்டது. கணிப்பொறியை அணைத்த பிறகும் ஓடிக்கொண்டிருக்கும் சிறு கடிகாரம் ஒன்று மதர்போர்டில் இருக்கிறது. லினக்ஸ் அதில் உலகப் பொது நேரத்தை எழுதி வைக்கும். காட்டும்போது ஐந்தரை மணியைக் கூட்டிக் காட்டும். விண்டோஸோ அந்தக் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொண்டு அப்படியே காட்டிவிடும். இரண்டில் எதுவும் பழுது இல்லை. இரண்டுக்கும் வழக்கம் வேறு. உள்ளூர் நேரத்தையே எழுதும்படி லினக்ஸுக்கு ஒரு கட்டளை இட்டோம். சிக்கல் தீர்ந்தது. (இணையம் இருந்தால் கணிப்பொறி தானே நேரத்தைத் திருத்திக்கொள்ளும். அவள் வீட்டில் இணையம் எப்போதும் இருப்பதில்லை. அதனால்தான் இந்த உண்மை வெளிப்பட்டது.)

இங்கே ஒரு சுவையான செய்தி. 1856-இல் ராயபுரம் நிலையத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் ரயில் புறப்பட்ட காலத்தில் இந்தியத் திட்ட நேரம் என்ற ஒன்றே கிடையாது. பின்னர் ரயில்வேக்கள் சென்னைக் கோளாய்வகத்தின் நேரத்தைப் பின்பற்றின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முந்தியது. 1906-இல்தான் ஐந்தரை மணி வந்தது. பழைய சென்னை நேரமே இன்றும் வழக்கில் இருந்திருந்தால் அவள் நோட்டில் 5 மணி 21 நிமிடம் என்று குறித்திருப்பாள்!

அவளுக்கு உதவியது என் அறிவைவிட அவள் நோட்டுதான் என்பேன். உதவி கேட்டு வருகிறவரிடம் மூன்று செய்திகளைக் கேட்டுப் பெறுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள்? என்ன நடந்தது? மூன்றாவது கேள்விக்கு விடை, திரையில் தோன்றிய சொற்கள் மாறாமல் அப்படியே இருக்க வேண்டும். “ஏதோ எரர் வந்துச்சு” என்பது போதாது. ஆய்வுக்கூடத்தில் “முள் கொஞ்சம் நகர்ந்தது” என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்குமா? அதே கதைதான்.

பிழைச் செய்தி பற்றி ஒரு சிறு குறிப்பு. லினக்ஸைத் தமிழிலேயே வைத்துப் பயன்படுத்தலாம், அது மகிழ்ச்சிக்குரியது. ஆனால் தமிழில் வந்த பிழைச் செய்தியை இணையத்தில் தேடினால் பெரும்பாலும் எதுவும் கிடைக்காது. அந்த ஒரு கட்டளைக்கு மட்டும் மொழியை ஆங்கிலத்துக்கு மாற்றி மீண்டும் ஓட்டச் சொல்லுங்கள். வந்த சொற்களை அப்படியே தேடினால் அதே சிக்கலில் விழுந்து எழுந்த நூறு பேர் கிடைப்பார்கள்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

மின்சுற்றில் விளக்கு எரியவில்லை என்றால் என்ன செய்கிறோம்? விளக்கை மாற்றிப் பார்க்கிறோம், பிறகு கம்பியை, பிறகு மின்கலத்தை. மூன்றையும் ஒன்றாக மாற்றி விளக்கு எரிந்துவிட்டால், எது பழுது என்பது நமக்குத் தெரியாமலே போய்விடும்.

லினக்ஸில் இதற்கு அருமையான வசதி ஒன்று உண்டு. பெரும்பாலான தொகுப்புகளை பென் டிரைவில் எழுதி, வன்தட்டைத் தொடாமலே அதிலிருந்து நேராக இயக்கிப் பார்க்கலாம். வன்தட்டில் நிறுவிய லினக்ஸில் ஒலி வரவில்லை, பென் டிரைவிலிருந்து இயக்கினால் வருகிறது என்றால், ஒலிபெருக்கி நன்றாகவே இருக்கிறது, நிறுவியதில்தான் கோளாறு. இரண்டிலும் வரவில்லை என்றால் பொருளில் கோளாறு இருக்கலாம். அல்லது அந்தப் பொருளை இயக்கத் தேவையான நிரல் இந்தத் தொகுப்பில் இல்லாமல் இருக்கலாம். சில வைஃபை சில்லுகளுக்கு இந்தக் குறை உண்டு.

ராயபுரத்து மாணவர் ஒருவரின் கணிப்பொறி, லினக்ஸ் போட்டதிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உறைந்து நின்றது. “லினக்ஸே சரியில்ல” என்று வீட்டில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். பென் டிரைவிலிருந்து இயக்கினோம், அதுவும் உறைந்தது. மின்தொடர்பைத் துண்டித்துவிட்டு, உடலில் உள்ள நிலைமின்சாரம் இறங்குவதற்காக உலோகச் சட்டத்தைத் தொட்டுவிட்டுப் பெட்டியைத் திறந்தோம். நினைவகத் தகட்டின் விளிம்பில் பொன்னிறமாக இருக்க வேண்டிய தொடுமுனைகள் மங்கிக் கறைபடிந்திருந்தன. கடலுக்கு இரண்டு தெரு தள்ளி வீடு. உப்புக் காற்று சும்மா விடுமா? சாதாரண ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்துச் செருகினோம். அதன் பிறகு அது உறையவில்லை. தீர்ப்பும் மாற்றி எழுதப்பட்டது.

நான் செய்த தவறு

இதுவரை படித்தபோது நான் பெரிய நிபுணன் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். இனிமேல் சொல்வதைக் கேட்டால் அப்படித் தோன்றாது.

சில ஆண்டுகளுக்கு முன் காசிமேட்டிலிருந்து ஒரு மாணவன் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் கூப்பிட்டான். லினக்ஸை பென் டிரைவில் எழுத வேண்டும். எப்படி என்று கேட்டான். இதற்கு ஒரே வரியில் முடியும் பழைய கட்டளை ஒன்று உண்டு. ‘டி-டி’ என்று தொடங்கும். எதிலிருந்து எடுத்து எதில் எழுத வேண்டும் என்று அதற்குச் சொல்ல வேண்டும். லினக்ஸில் வன்தட்டு, பென் டிரைவு ஆகியவற்றுக்குப் பெயர்கள் வரிசையாக அமையும். முதலாவது ‘எஸ்-டி-ஏ’, இரண்டாவது ‘எஸ்-டி-பி’, மூன்றாவது ‘எஸ்-டி-சி’. என் கணிப்பொறியில் வன்தட்டு ஒன்றுதான். ஆகவே பென் டிரைவைச் செருகினால் அது எப்போதும் ‘எஸ்-டி-பி’ ஆகிவிடும். நான் அந்தப் பழக்கத்தில், கட்டளையை எழுத்து எழுத்தாகச் சொன்னேன். கடைசி எழுத்து, ‘பி’.

அவன் கணிப்பொறியில் வன்தட்டுகள் இரண்டு. இரண்டாவது வன்தட்டில் அவன் பெரியப்பாவின் படகுக் கணக்கும் வீட்டுப் புகைப்படங்களும் இருந்தன. அதன் பெயர்தான் ‘எஸ்-டி-பி’. பென் டிரைவு ‘எஸ்-டி-சி’.

‘டி-டி’ கட்டளை கேள்வி கேட்காது. “நிச்சயம்தானா?” என்று எச்சரிக்காது. சொன்ன இடத்தில் எழுதும். ஐந்து நிமிடம் கழித்து, “சார், முடிஞ்சிடுச்சு. ஆனா பென் டிரைவுல எதுவும் இல்ல சார்” என்றான். அப்போதே எனக்கு வயிறு கலங்கிவிட்டது.

மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். வன்தட்டின் முற்பகுதியில்தான் எழுதப்பட்டிருந்தது. பிற்பகுதியில் இருந்தவை அழியவில்லை; ஆனால் எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை போய்விட்டது. நூலகத்தில் புத்தகங்கள் இருந்து பட்டியல் எரிந்துபோனது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ‘ஃபோட்டோரெக்’ என்னும் கட்டற்ற மென்பொருள் இத்தகைய வன்தட்டை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை துழாவி, புகைப்படத்துக்குரிய தொடக்க அடையாளம் எங்கெல்லாம் தென்படுகிறதோ அங்கிருந்து கோப்பை மீட்டெடுக்கும். மூன்று இரவு ஓட்டினோம். பெரும்பாலான படங்கள் பெயரிழந்து, வெறும் எண்களாக வந்து சேர்ந்தன. படகுக் கணக்கு வரவில்லை. டீசலுக்கு எவ்வளவு, ஐஸுக்கு எவ்வளவு, யாருக்குப் பங்கு எவ்வளவு பாக்கி என்று எழுதிய ஆறு ஆண்டுக் கணக்கு அது. பெரியப்பா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிழை அந்த மாணவனுடையது அன்று. அவன் நான் சொன்னதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்தான். புதியவர் அப்படித்தான் செய்வார். அவருக்கு எந்த எழுத்து முக்கியம், எது முக்கியமில்லை என்று தெரியாது. ஆகையால் அதைத் தெரிந்து சொல்லும் பொறுப்பு முழுவதும் உதவுகிறவர் தலையில்தான் விழுகிறது.

அன்றிலிருந்து எனக்கு நானே சில கட்டுப்பாடுகள் வைத்துக்கொண்டேன். அழிக்கக்கூடிய, மேலெழுதக்கூடிய எந்தக் கட்டளைக்கும் முன்னால், வெறுமனே பார்க்க மட்டும் செய்யும் கட்டளை ஒன்றைச் சொல்வேன். வன்தட்டு விஷயத்தில் அது எல்லா வட்டுகளின் பெயரையும் அளவையும் பட்டியலிடும் கட்டளை. “எட்டு ஜி.பி. என்று எதற்கு நேரே இருக்கிறது? வாய்விட்டுப் படி” என்பேன். பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு மறுபடி பட்டியலிடச் சொல்வேன். எது மறைகிறதோ அதுவே பென் டிரைவு. இது இயற்பியல் சோதனைதான் அல்லவா? மேலும், பென் டிரைவில் எழுதுவதற்குப் படத்தோடு கூடிய எளிய கருவிகள் இருக்கும்போது புதியவருக்கு ‘டி-டி’யைச் சொல்வதே இல்லை. எல்லாவற்றுக்கும் முதலாக, முக்கியமான கோப்புகளுக்கு நகல் இருக்கிறதா என்று கேட்பேன். இல்லை என்றால் அன்றைய உதவி நகல் எடுப்பதோடு நின்றுவிடும்.

‘சூடோ’ என்று தொடங்கும் கட்டளைகளைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அந்தச் சொல், வீட்டின் எல்லா அறைகளுக்குமான கொத்துச் சாவி. அதன் பின்னால் வரும் கட்டளைக்குத் தடையே இல்லை. இணையத்தில் சிலர் விளையாட்டாக, எல்லாக் கோப்புகளையும் அழிக்கும் கட்டளையைப் புதியவர்களுக்குத் தீர்வு என்று சொல்லிவிட்டுச் சிரிப்பதுண்டு. எனக்கு அந்த நகைச்சுவை ஒருநாளும் விளங்கியதில்லை. கட்டளையில் உள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று உங்களால் விளக்க முடியாவிட்டால் அதைப் பிறருக்குக் கொடுக்காதீர்கள்.

கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

உதவும்போது மிகக் கடினமான செயல் எது தெரியுமா? கீபோர்டைப் பிடுங்காமல் இருப்பது! நமக்கு விடை தெரிகிறது. அவரோ ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தேடித் தட்டுகிறார். “தள்ளுப்பா” என்று சொல்லிவிட்டு நாமே அரை நிமிடத்தில் முடித்துவிடலாம். முடித்துவிட்டால் அடுத்த வாரம் அதே சிக்கலோடு அவர் மீண்டும் வருவார். நான் இப்போது அவருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறேன். நேரம் மூன்று மடங்கு ஆகிறது.

அப்படி நிற்கும்போதுதான் புதியவர் எங்கே தடுக்கி விழுகிறார் என்பதும் தெரிகிறது. ‘லேப்’ என்ற கோப்பை முதலெழுத்துப் பெரியதாகச் சேமித்துவிட்டு, எல்லாம் சிறிய எழுத்தில் தேடுவார். லினக்ஸுக்கு அவை இரண்டும் வேறு வேறு கோப்புகள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே இல்லாத தமிழில் எழுதிப் பழகிய குழந்தைக்கு இது எப்படிப் புரியும்? அதே போல, நகல் எடுக்கக் கன்ட்ரோலையும் ‘சி’யையும் சேர்த்து அழுத்துவார். கட்டளைத் திரையில் அது ஓடிக்கொண்டிருக்கும் நிரலை நிறுத்திவிடும். நகல் எடுக்க ஷிஃப்டையும் சேர்த்து அழுத்த வேண்டும். இவற்றையெல்லாம் நாம் ஒரு காலத்தில் தெரியாமல்தான் இருந்தோம். கற்றுக்கொண்டதும், தெரியாமல் இருந்ததை மறந்துவிடுகிறோம்.

இந்த மறதி லினக்ஸ் உலகில் வெகு நாளாக உள்ள நோய். யூனிக்ஸின் முதல் கையேடு 1971 நவம்பரிலேயே வந்துவிட்டது. இன்றும் லினக்ஸில் பெரும்பாலான கட்டளைகளுக்குக் கையேட்டுப் பக்கம் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அது, தெரிந்தவர் நினைவுபடுத்திக்கொள்ள எழுதப்பட்டது. புதியவர் கேள்வி கேட்டால் “போய்க் கையேட்டைப் படி” என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்வது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. டோர்வால்ட்ஸ் கூடக் கடுஞ்சொற்களுக்குப் பெயர் போனவர். 2018 செப்டம்பரில் அவர் தம் நடத்தைக்கு வெளிப்படையாக வருத்தம் தெரிவித்துச் சிறிது காலம் விலகி இருந்தார். இத்தனைக்கும், 1991 ஆகஸ்டு 25 அன்று அவர் தம் முயற்சியைப் பற்றி முதன்முதலில் எழுதிய செய்தியே, மினிக்ஸ் என்னும் இயக்குதளத்தில் மற்றவர்களுக்கு எது பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்று கேட்டு எழுதிய ஒரு கேள்விதான்! அன்று அவருக்குப் பதில் எழுதியவர்கள் முகம் சுளித்திருந்தால்?

நம் ஊரில் பொறுமையாகப் பதில் சொல்பவர்களுக்குப் பஞ்சமில்லை. சென்னை லினக்ஸ் பயனர் குழு 1998 முதல் இயங்கி வருகிறது. கிண்டி ஐ.ஐ.டி. வளாகத்தில் மாதந்தோறும் இரண்டாம் சனிக்கிழமை கூடுவது பல ஆண்டுகள் அதன் வழக்கமாக இருந்தது. முதன்முதல் போனபோது, நிபுணர்கள் கூட்டத்தில் என்ன கேட்பது என்று கடைசி வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். கேட்டதற்கு யாரும் சிரிக்கவில்லை. 2012 ஜனவரியில் ‘கணியம்’ என்னும் தமிழ் மின்னிதழ் தொடங்கியது. து. நித்யா அதில் எழுதிய ‘எளிய தமிழில்’ வரிசைக் கட்டுரைகள் நூல்களாகவும் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழில் கேட்டவருக்குத் தமிழிலேயே பதில் கிடைக்கும் என்ற நிலை வந்தது இவர்களால்தான். ஆனாலும் ஐ.ஐ.டி. எங்கே, எண்ணூர் எங்கே! தெருவுக்கு ஒருவர் வேண்டும்.

காசிமேட்டு மாணவன் இப்போது வேலைக்குப் போகிறான். சில சனிக்கிழமைகளில் அவனும் மாடிக்கு வந்து, என்னோடு கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான். யாராவது பென் டிரைவை எடுத்தால் போதும், “முதல்ல லிஸ்ட் போடு, வாய்விட்டுப் படி” என்று எனக்கு முன்னால் அவன் குரல் கேட்கும்.

சென்ற வாரம் ஒன்பதாம் வகுப்பு மாணவர் ஒருவர் வந்தார். அவருக்குச் சிக்கல் எதுவும் இல்லை, ஒரே மகிழ்ச்சி. “சார், விண்டோஸ்ல என் வன்தட்டு 465 ஜி.பி.தான் காட்டுச்சு. லினக்ஸ் போட்டதும் 500 ஜி.பி. ஆயிடுச்சு சார்! முப்பத்தஞ்சு ஜி.பி. எங்கிருந்து வந்துச்சு?” என்றார். அவருக்கு நானும் காசிமேட்டு மாணவனும் விடை சொல்லவில்லை. இரண்டு கேள்விகள் மட்டும் கேட்டோம். கால் மணி நேரத்தில் அவரே கண்டுபிடித்துவிட்டார். கிலோ என்றால் 1,000 என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். கணிப்பொறியில் 1,024 என்று கொள்பவர்களும் உண்டு. கிலோ, மெகா, ஜிகா என்று மூன்று படிகள். 500-ஐ 1.024-ஆல் மூன்று முறை வகுத்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்: நாங்கள் கேட்ட இரண்டு கேள்விகள் எவையாக இருந்திருக்கும்?